மறு கட்டுக்கு நின்ற கார்டு

பஜனைமடத் தெருவில் யாருக்கு என்ன சங்கதி என்றாலும், அந்த வீட்டுக்குத் தெரிவதற்கு இரண்டு மணி நேரம் முன்னாலேயே சார்ட்டிங் ஆபீஸுக்குத் தெரிந்துவிடும். காரணம் வேணுகோபால். கோவில்பட்டி ஸ்டேஷனில் வந்து இறங்கும் பைகளை அவிழ்த்து, தபால்களைத் தெருவாரியாகவும் ஊர்வாரியாகவும் பிரித்து, மர அலமாரியின் நாற்பத்தெட்டுப் பொந்துகளில் போடுவது அவர் வேலை. போடுகிற கை சும்மா போடாது. கார்டு என்றால் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போடும். எழுதுகிறவர்கள் ஒட்டியா அனுப்புகிறார்கள், திறந்துதானே அனுப்புகிறார்கள் என்பது அவருடைய நியாயம். புதூர்ப் பக்கத்திலிருந்து பம்பாய்க்குப் போனவன் இந்தப் பொங்கலுக்கும் வரவில்லை என்பதும், மேலவீட்டு உமாதேவிக்குப் பார்த்த மாப்பிள்ளை வீட்டார் ஜாதகத்தைச் சாக்கு வைத்து நழுவிவிட்டார்கள் என்பதும், தபால்காரர் சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டுவதற்குள் டீக்கடை வரை போய்விடும். தெரு இதற்காக அவரைத் திட்டியது. திட்டிக்கொண்டே, சாயங்காலமானால் அந்த ஆபீஸ் ஜன்னல் பக்கமாக மெதுவாக நடந்தும் போனது.

அப்பேர்ப்பட்ட மனுஷருக்கு, ஆபீஸை மூடப் போகிறார்கள் என்ற சங்கதி மட்டும் கடைசியாகத்தான் தெரிந்தது. அது கார்டில் வரவில்லை. அரக்கு வைத்த கவரில் வந்தது.

இனிமேல் எல்லாத் தபாலையும் திருநெல்வேலியிலேயே பிரித்துவிடுவார்களாம். அலமாரிகள் லாரியில் ஏறும். வேணுகோபால் அங்கே போய்ச் சேர வேண்டும். பை தூக்குகிற முத்துசெல்வம், "அங்கன மிஷின்ல பிரிப்பாங்களாம்லா. மிஷினு கார்டு படிக்குமான்னு தெரியல அண்ணாச்சி" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். வேணுகோபால் சிரிக்கவில்லை. மாற்றல் உத்தரவு வந்த நாளிலிருந்து அவர் முகம் சரியில்லை என்றும், வீட்டில் மனைவி கிருஷ்ணவேணி போட்ட இட்டிலியைக்கூட எண்ணாமல் எழுந்துவிடுகிறார் என்றும் தெரு கண்டுபிடித்தது. ஐம்பத்தாறு வயதில் தினமும் ரயில் ஏறி இறங்க வேண்டுமே என்ற விசாரம் என்று தெருவே ஒரு முடிவுக்கும் வந்தது.

தெரு கண்டுபிடித்ததில் பாதிதான் சரி. அவருடைய விசாரம் ரயில் இல்லை. ஆபீஸுக்கு எதிர்வீட்டுச் சொர்ணத்தாய்.

சார்ட்டிங் ஆபீஸுக்கு முத்திரை உண்டு, தராசு உண்டு, குழாய் கிடையாது. எட்டு நாளைக்கோ பத்து நாளைக்கோ ஒரு தரம் தண்ணீர் விடுகிற ஊரில், தினமும் காலையில் ஒரு குடம் குடிதண்ணீர் ஆபீஸுக்கு வருவது சொர்ணத்தாய் வீட்டிலிருந்துதான். அதற்கு அவள் கைம்மாறாக எதுவும் கேட்டதில்லை. வாசலில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டிக்கொண்டே, கடம்பூர்ப் பை வருகிற நேரம் பார்த்து ஒரு வார்த்தை மட்டும் விடுவாள்.

"என்ன அண்ணாச்சி, கடம்பூர்ப் பை வந்துட்டா? எங்க வீட்டுப் பெரிய மனுசன் பிந்திப் போட்ட கார்டு இன்னும் ஏதாவது கெடக்கான்னு பாருங்க."

பெரிய மனுசன் என்பது அவளுடைய அண்ணன் சுந்தரபாண்டியன். இருபது கிலோமீட்டருக்கு அப்பால் கடம்பூரில் இருக்கிறார். பதினோரு வருஷமாக இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து கிடையாது. ஊருக்கெல்லாம் இனிக்கிற கடம்பூர்ப் போளியை யாராவது கொண்டுவந்தால்கூட, அது என்னமோ அண்ணனே இடித்துப் பிசைந்து சுட்டதுபோல, சொர்ணத்தாய் தொடமாட்டாள்.

பகை வந்த விதம் தெருவுக்கு மனப்பாடம். அப்பா செத்த அன்றைக்கு, திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கலாமே என்று சொர்ணத்தாய் ஒரு வார்த்தை சொன்னாள். நீ வந்து கொண்டுபோயிருக்க வேண்டியதுதானே என்று அண்ணன் ஒரு வார்த்தை சொன்னார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். பதினாறாம் நாள் என்றைக்கு என்று விரல் விட்டு எண்ணத் தெரியாதவள் இல்லை. ஆனால் சண்டை போட்டு வந்த வீட்டுக்கு அழைப்பு இல்லாமல் எப்படிப் போவது? பதினாறாம் நாளான அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சேலை கட்டித் தலை முடிந்து வாசலில் உட்கார்ந்தாள். வீட்டுக்காரர் சுடலைமணியும் வேட்டி மாற்றிக்கொண்டு நின்றார். ஆள் வரும், வரும் என்று பன்னிரண்டு மணி வரைக்கும் பார்த்தார்கள். யாரும் வரவில்லை. மறுநாள் திங்கட்கிழமை கார்டு வந்தது. நான்கு ஓரமும் கருப்பு அடித்த கார்டு. நேற்றைக்கு விசேஷம், இன்றைக்கு அழைப்பு. கடம்பூர் முத்திரையில் தேதி தெரியாமல் மை அப்பிக் கிடந்தது. "வேணும்னே பிந்திப் போட்டிருக்கான்" என்று சுடலைமணி தீர்ப்புச் சொன்னார். சொர்ணத்தாய் கார்டை நாலாகக் கிழித்து நடுத்தெருவில் போட்டாள். மகள் வந்து உட்காராத பந்தல் என்று அங்கே கடம்பூரில் அண்ணனும் மனசைக் கிழித்துக்கொண்டார். தெருவுக்குத் தெரிந்தது இவ்வளவு.

தெருவுக்குத் தெரியாதது, அந்தக் கார்டு சனிக்கிழமை காலையிலேயே வந்துவிட்டது என்பது.

சார்ட்டிங் ஆபீஸுக்கு ஒரு சட்டம் இருந்தது. எந்தப் புத்தகத்திலும் இல்லாத சட்டம். ஒரு தரம் கருப்பு மை காயாத கார்டு ஒன்று கல்யாணப் பத்திரிகைக் கட்டோடு ஒட்டிப்போய், தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி வீட்டு மஞ்சள் தடவிய பத்திரிகையில் கரி பூசிவிட்டது. முதலாளி வந்து போட்ட சத்தம் ஸ்டேஷன் வரை கேட்டது. அன்றிலிருந்து ஒரே தெருவுக்கு மஞ்சளும் கருப்பும் சேர்ந்து வந்தால், மஞ்சள், காலையில் தபால்காரர் கொண்டுபோகிற முதல் கட்டில் போகும். கருப்பு, அலமாரியின் கீழ்வரிசைக் கடைசிப் பொந்தில் நின்று, சாயங்காலம் மறு கட்டில் போகும். ஒரு அரை நாள் வித்தியாசம். செத்தவருக்கு என்ன அவசரம் என்று ஆபீஸ் நினைத்தது.

அந்தச் சனிக்கிழமை பஜனைமடத் தெருவுக்கு எழுபது கல்யாணப் பத்திரிகை. வேணுகோபால் கருப்புக் கார்டைக் கடைசிப் பொந்தில் வைத்தார். சாயங்காலம் தபால்காரர் பல்வலி என்று வீட்டுக்குப் போய்விட்டார். மறு கட்டு போகவில்லை. ஜன்னலிலிருந்து சொர்ணத்தாய் வாசலுக்குப் பன்னிரண்டு எட்டு நடந்தால் போதும். எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்திருக்கலாம். தண்ணீர் குடிக்கிற வீட்டுக்கு நம் கையாலேயே கருப்பு ஓரத்தைக் கொண்டுபோய் நீட்டுவானேன், திங்கட்கிழமை தபால்காரன் கொடுக்கட்டும் என்று ஜன்னலைச் சாத்திவிட்டுப் போனார். விசேஷம் என்றைக்கு என்று கார்டில் அச்சடித்திருந்தது. ஊர்க் கார்டையெல்லாம் படிக்கிறவர், அதை மட்டும் படிக்கவில்லை. கருப்புக் கார்டைப் படிப்பதில்லை என்பது அவர் வைத்திருந்த ஒரே ஒழுக்கம்.

திங்கட்கிழமை அதில் அன்றைய தேதிக்கு முத்திரை குத்தியதும் அவர் கைதான். அன்றே சொல்லியிருக்கலாம். தபாலை நிறுத்தி வைத்தது வெளியே வந்தால் சஸ்பென்ஷன் என்று சொல்லவில்லை. அடுத்த வருஷம் பிரமோஷன் வந்தது, சொல்லவில்லை. அதற்கப்புறம், இவ்வளவு நாள் சொல்லாததற்கு என்ன காரணம் சொல்வது என்று தெரியாததால் சொல்லவில்லை. தினமும் காலையில் குடம் வந்தது. குடித்தார்.

மூடுகிற நாளன்று ஆபீஸில் நான்கு பேர், ஒரு மாலை, ஒரு குரூப் போட்டோ. முத்துசெல்வம் எல்லாருக்கும் போளி வாங்கி வந்திருந்தான். கடம்பூர்ப் போளியை ஒரு வீடு மட்டும் தொடாது என்று அவனுக்கு யார் சொல்லிக் கொடுப்பது? நேராக எதிர்வீட்டுக்கு ஒரு பொட்டலத்தை நீட்டினான். சொர்ணத்தாய் தீப்பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல், அதை அவிய ஊருக்கே அனுப்பச் சொல்லு, பிந்தியாவது போய்ச் சேரும் என்று சொல்லிவிட்டாள். ஆபீஸ் சிரித்தது. வேணுகோபால் அந்தப் பொட்டலத்தை வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டு, பன்னிரண்டு எட்டையும் நடந்து அவள் வாசலில் வந்து நின்றார்.

"சொர்ணத்தாயி, உங்க அண்ணன் பிந்திப் போடல."

"என்ன சொல்லுதிய?"

"சனிக்கெழம காலையிலயே வந்துட்டு. நான்தான் நிறுத்தி வச்சேன்."

மஞ்சள், கருப்பு, மறு கட்டு, பல்வலி எல்லாவற்றையும் சொன்னார். அவள் கையில் பசை தடவிய தாள் காய்ந்து சுருண்டது. கடைசியில் அவள் கேட்டது ஒன்றுதான்.

"எங்கன வச்சிருந்திய?"

இத்தனை வருஷத்தில் சொர்ணத்தாய் அந்த ஆபீஸுக்குள் கால் வைத்ததில்லை. குடத்தை வாசற்படியில் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவாள். அன்றைக்கு உள்ளே போனாள். லாரியில் ஏற்ற அலமாரியைக் கட்டியிருந்த கயிற்றை முத்துசெல்வம் தளர்த்திவிட்டான். வேணுகோபால் குனிந்து கீழ்வரிசைக் கடைசிப் பொந்தைக் காட்டினார். அவள் அதற்குள் கையை விட்டாள். கொஞ்சம் தூசியும் ஒரு துண்டுச் சணலும் வந்தன. பிறகு நிமிர்ந்து ஜன்னல் வழியாகத் தன் வாசலைப் பார்த்தாள்.

"அந்த ஞாயித்துக்கெழம நான் அங்கனதான் உக்காந்திருந்தேன். நீங்க இந்த வழியாத்தான் மார்க்கெட்டுக்குப் போனிய. 'என்ன சொர்ணத்தாயி, சேலையெல்லாம் பலமா இருக்கு, எங்க பொறப்பாடு'ன்னு கேட்டிய."

கேட்டது வேணுகோபாலுக்கு மறந்தே போயிருந்தது. தெருவில் யாரைக் கண்டாலும் கேட்கிற கேள்வி. கேட்டுவிட்டுப் பதிலுக்குக்கூட நிற்காமல் கத்தரிக்காய் வாங்கப் போயிருப்பார்.

"நாளைக்கு எந்த வண்டியில போறிய?" என்று கேட்டாள்.

காலை பாசஞ்சர் என்றார்.

"அது கடம்பூர்ல நிக்கும்லா. நானும் வாரேன். நீங்களே வந்து சொல்லுங்க. நான் சொன்னா அவன் நம்ப மாட்டான்."

பத்து மணிக்குள் திருநெல்வேலியில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும், முதல் நாள் என்று அவர் இழுத்தார்.

"பதினோரு வருசம் பிந்திட்டு. உங்களுக்கு ஒரு மணி நேரம் பிந்தினா ஒண்ணும் கொறஞ்சிராது."

மறுநாள் காலையில் சொர்ணத்தாயும் வேணுகோபாலும் ஒரே ரயிலில் ஏறியதைத் தெரு பார்த்தது. மத்தியானத்துக்குள் அதைப்பற்றி நான்கு விதமான கதைகள் உண்டாயின. நாலும் தப்பு. ரயிலில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். மழை இல்லாத கரிசல் இரண்டு பக்கமும் வெடித்துக் கிடந்தது. அவள் ஜன்னலைப் பார்த்தாள், அவர் தன் பையைப் பார்த்தார்.

சுந்தரபாண்டியன் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரு கண்ணில் ஆபரேஷன் செய்து பச்சைத் துணி கட்டியிருந்தது. தங்கச்சியை அடையாளம் தெரியக் கொஞ்ச நேரம் ஆனது. தெரிந்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வேணுகோபால் நின்றபடியே எல்லாவற்றையும் இரண்டாம் தரம் சொன்னார். ஏசுவார், கை ஓங்குவார், மேலே எழுதிப் போடுவேன் என்பார் என்று எதிர்பார்த்து, அதற்கெல்லாம் வழிநெடுகப் பதிலும் தயார் செய்திருந்தார். ஒன்றும் தேவைப்படவில்லை.

"அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் அவளுக்கு எலை போட்டு வச்சிருந்தேன் சார்" என்றார் சுந்தரபாண்டியன். "கார்டு போட்டது என் கோவம். கூடப்பெறந்தவளுக்குப் போயி எவனும் கார்டு போடுவானா? நேர்ல வந்து கூப்பிட்டிருந்தா உங்களுக்கு இந்தப் பாடு இல்ல."

"நீ வந்து கூப்பிட்டிருந்தா உன்னை ஏசிக்கிட்டேயாவது நான் வந்திருப்பேன்" என்றாள் சொர்ணத்தாய். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

உள்ளேயிருந்து பத்து வயசுப் பெண் ஒன்று வெளியே வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது. சொர்ணத்தாய் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இது யார் என்று கேட்டாள்.

"எளையவ. இந்துஜா" என்ற சுந்தரபாண்டியன், பெண்ணின் பக்கம் திரும்பி, "ஏட்டி, இது உன் அத்தை" என்றார்.

"எந்த அத்தை?" என்று கேட்டது பிள்ளை.

பிள்ளை இருக்கிற வீட்டுக்கு வெறுங்கையோடு வந்துவிட்டோமே என்று சொர்ணத்தாய் இடுப்பையும் முந்தியையும் தடவினாள். வேணுகோபால் பையைத் திறந்து போளிப் பொட்டலத்தை எடுத்தார். கடம்பூருக்கே கடம்பூர்ப் போளி. அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் அதை வாங்கிப் பிள்ளையிடம் நீட்டினாள். பிள்ளை அப்பாவைப் பார்த்துவிட்டுத்தான் வாங்கியது.

அண்ணன் பெண்சாதி செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். வேணுகோபாலுக்கு நாக்கு வறண்டுதான் கிடந்தது. நேரமாகிவிட்டது என்று சொல்லிக் குடிக்காமல் கிளம்பினார். சொர்ணத்தாய் பிள்ளையின் பக்கத்திலேயே நின்றாள்.

கயத்தாறு போய்ப் பஸ் மாறித் திருநெல்வேலி போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டு. அங்கே பெரிய ஹாலில் வரிசை வரிசையாக அலமாரிகள். அவருடைய நாற்பத்தெட்டுப் பொந்தும் இன்னும் கயிறு அவிழ்க்காமல் ஒரு மூலையில் சாத்திக் கிடந்தது. மேலதிகாரி கெடிகாரத்தைப் பார்த்துவிட்டு, முதல் நாளே ஏன் லேட் என்று கேட்டார்.

வேணுகோபால் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். அப்புறம் பழக்கதோஷம்.

"ரயில் லேட்டு சார்" என்றார்.

பாவம், அன்றைக்கு ரயில் சரியான நேரத்துக்குத்தான் வந்திருந்தது.