லெஃப்ட் என்றால்

யத்விகாவின் மகன் ஷிமோன் வேலை தேடி இங்கிலாந்தின் லீட்ஸுக்குப் போனவன், அங்கேயே ஜெம்மா என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டான். போலந்தின் ராதோம் நகரில் நான்காம் மாடி வீட்டில் யத்விகா தனியாக இருந்தாள். புருஷன் போய்ச் சேர்ந்து, அவள் வேலை பார்த்த செருப்புத் தொழிற்சாலையையும் மூடிய பிறகு, ஞாயிற்றுக்கிழமை மகனிடமிருந்து வரும் போன்தான் அந்த வீட்டில் பேச்சு. மருமகளுக்குப் போலிஷ் சுத்தமாக வராது. ஷிமோன் போனை அவளிடம் நீட்டினால் இருவரும் “ஹலோ” சொல்வார்கள், சிரிப்பார்கள். சிரித்து முடிந்ததும் என்ன செய்வதென்று இரண்டு பேருக்குமே தெரியாது.

அதற்காகத்தான் குடியிருப்பு மன்றத்தில் புதன்கிழமை மாலை நடந்த ஆங்கில வகுப்பில் யத்விகா சேர்ந்தாள். பாடம் எடுத்தவள் கிங்கா, அப்போதுதான் படித்து முடித்த பெண். பக்கத்து நாற்காலியில் ஸெனான், பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். வகுப்பில் பாதி நேரம் அவர் குரல்தான் கேட்கும்.

‘லெஃப்ட்’ என்றால் இடது பக்கம் என்று முதலில் வந்தது. அது ஸெனானுக்கு உடனே பிடிபட்டது. பிறகொரு நாள் கிங்கா ஆப்பிள் படம் காட்டி, தின்றது போக மீதி இருப்பதும் ‘லெஃப்ட்’தான் என்றாள்.

“அதெப்படிம்மா? நம்ம பாஷைல இடதுக்கு ஒண்ணு, மீதிக்கு ஒண்ணு இருக்கே. இவங்களுக்கு வார்த்தைக்கு அவ்வளவு பஞ்சமா?” என்றார் ஸெனான்.

“இதுக்கே இப்படின்னா? இன்னொரு அர்த்தமும் இருக்கு சார். அடுத்த வாரம் பார்க்கலாம்.”

அடுத்த வாரம் யத்விகா காய்ச்சலில் படுத்துவிட்டாள். அந்த ஞாயிறு ஷிமோனிடமிருந்து போன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. அவன் எண்ணை அழுத்தினால் அணைத்து வைத்திருப்பதாகச் சொன்னது. பொறுத்துப் பார்த்துவிட்டு, லீட்ஸ் வீட்டு எண்ணைச் சுழற்றினாள். ஜெம்மா எடுத்தாள்.

“ஷிமோன்?” என்றாள் யத்விகா.

 ஜெம்மா மெதுவாக, “ஷிமோன் லெஃப்ட்,” என்றாள். அதற்கு மேல் விடுவிடுவென்று என்னவோ சொன்னாள். குரல் கரகரத்தது. யத்விகாவுக்குப் புரிந்தது அந்த ஒரு சொல்தான். ஷிமோன் மீதி இருக்கிறான். ஆக, எங்கும் போகவில்லை, வீட்டில்தான் இருக்கிறான். அவன் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் மற்ற எல்லோரையும் அனுப்பிவிட்டு இவனை மட்டும் வைத்துக்கொண்டார்கள் போல. மருமகளுக்கு ஜலதோஷம், அதுதான் தொண்டை கட்டியிருக்கிறது. “குட், குட்!” என்றாள் சந்தோஷமாக. மறுமுனை பட்டென்று அடங்கிவிட்டது.

மறுநாள் காயவைத்த காளானும் பிளம்ஸ் ஜாமும் வாங்கி, இருவருக்கும் கம்பளிக் காலுறை வைத்து, பார்சல் அனுப்பினாள். புதன்கிழமை வகுப்புக்குள் நுழையும்போதே முகம் மலர்ந்திருந்தது.

“மருமகளோட இங்கிலீஷ்ல பேசிட்டேன்!”

“அம்மணி நம்மளையெல்லாம் தாண்டிட்டாங்கப்பா!” என்றார் ஸெனான். “என்னதான் பேசினீங்க? சொல்லுங்க, நாங்களும் கத்துக்கறோம்.”

“ஷிமோன் லெஃப்ட்” என்று யத்விகா திருத்தமாக உச்சரித்துச் சொன்னாள். ஸெனான் சிரிக்கவில்லை. குனிந்து தன் கைகளைப் பார்த்தார். யத்விகா காய்ச்சலில் தவறவிட்ட அந்தப் பாடத்துக்கு அவர் வந்திருந்தார். கிங்கா சாக்பீஸை வைத்துவிட்டு அருகில் வந்து உட்கார்ந்தாள்.

“யத்விகாம்மா, அப்படிச் சொன்னா மீதின்னு அர்த்தமில்லம்மா. அவர்... போயிட்டார்னு அர்த்தம்.”

“போயிட்டான்னா?” யத்விகா அவள் கையைப் பிடித்தாள். “எப்படிப் போனான்? எம்புள்ள உசுரோட இருக்கானா இல்லையா?”

“ஐயோ, அந்தப் போறது இல்லம்மா! வீட்டை விட்டுப் போயிட்டார். அப்படித்தான் இருக்கும்.”

“இருக்கும்னா? உனக்கு எப்படித் தெரியும்?”

 ஸெனான் தன் போனை எடுத்துக் கிங்காவிடம் நீட்டினார். “இதுல பேசும்மா. இப்பவே கேட்டுடு.” கிங்கா நடைக்கூடத்தில் நின்று ஆங்கிலத்தில் பேசினாள். யத்விகா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உசுரோடதான் இருக்கார்மா,” என்றாள் கிங்கா போனை மூடாமலே. “நார்வேக்குப் போயிட்டாராம். கூட... கூட யாரோ ஒரு பொண்ணு. ‘என் மாமியார்கிட்ட சொன்னேன், அவங்க நல்லது, நல்லதுன்னாங்க’ன்னு அழறாங்க.”

யத்விகா போனை வாங்கினாள். சொல்ல வேண்டியது போலிஷில் நெஞ்சு முட்ட இருந்தது. ஆங்கிலத்தில் கிடைத்தது, “நோ குட், ஜெம்மா. நோ குட்,” என்பதுதான். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அந்தப் பக்கம் அழுகை கூடி, பிறகு தணிந்தது.

அதன் பிறகு ஞாயிறுகளில் ஜெம்மாவும் அவளும்தான் பேசிக்கொண்டார்கள். மழையா என்று கேட்பாள் ஒருத்தி. பனி என்பாள் மற்றவள். ஈஸ்டரன்று ஷிமோன் கூப்பிட்டான்.

“அம்மா, வேலை மாத்திக்கிட்டேன். நார்வேல இருக்கேன்.”

“ஜெம்மா?”

“அவளுக்கென்ன, இங்கதான் இருக்கா. உன்னைக் கேட்டதாச் சொல்லச் சொன்னா.”

“காலைலதான்டா அவகிட்ட பேசினேன்.”

 “அப்புறம் கூப்பிடறேம்மா,” என்று வைத்துவிட்டான். கோடை வந்து போயும் கூப்பிடவில்லை.

ஜெம்மாவின் பேச்சும் குறைந்துகொண்டே வந்தது. இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிறு, அந்த எண்ணில் புதிதாக ஓர் ஆண்குரல் எடுத்து, பின்னால் திரும்பி ஜெம்மாவைக் கூப்பிட்டது. அவள் ஓடி வரும் சத்தமும் சிரிப்பும் கேட்டன. யத்விகா போனை வைத்தாள். அந்தப் பெண் நன்றாக இருக்கட்டும் என்றுதான் நினைத்தாள். ஆனாலும் அன்று சூப்பைச் சுடவைக்க மனம் வரவில்லை. ஆறியதையே குடித்தாள்.

வகுப்பை மட்டும் அவள் நிறுத்தவில்லை.

“இனிமே யாரோட இங்கிலீஷ் பேசப்போறீங்க, அம்மணி?” என்று ஒரு மாலை ஸெனான் கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார்.

“யாரோடயும் இல்ல சார்,” என்றாள் யத்விகா, கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டியபடி. “இங்க வந்தா பேர் சொல்லிக் கூப்பிடறாங்க.”