காத்திருக்கும் அழைப்பு

“யார் பேர்ல எடுத்தா என்ன? வீடு ஒண்ணுதானே?”

“அதுக்கில்லீங்க. படிக்கப்போறதும் எழுதப்போறதும் நான்தானே. என் பேர்லயே எடுத்தா...”

“போரா அம்மா, போன் என் பேர்ல இருக்கு. ஐடியை மட்டும் உன் பேர்ல கேட்டா அவன் ஆயிரம் கேள்வி கேப்பான். பேசாம ஆப்பிளை நறுக்கு.”

கம்ப்யூட்டர் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று நடந்த பேச்சு இது. கூடத்தில் அட்டைப்பெட்டிகள் பிரிந்து கிடந்தன. என் கணவர் தோசிக், மோடத்தின் வயரைப் போன் இணைப்பில் செருகிவிட்டு, தரையில் மண்டியிட்டபடியே போன் வழியாகக் கம்ப்யூட்டர்களை இணைக்கும் சேவை நிறுவனத்தின் விண்ணப்பத்தில் தன் பெயரை எழுதிக்கொண்டிருந்தார். நான் ஆப்பிளை நறுக்கினேன். அன்று அதை நறுக்காமல் இருந்திருக்க வேண்டும் என்று பிறகு எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன்.

முதல் வாரம் திரையில் ஒரு வார்த்தை படிக்க முடியவில்லை. மோடம் கீச்சிட்டு, இரைந்து, சேவை நிலையத்தைப் பிடித்துவிடும். நீலத் திரையில் எழுத்துகள் வரும். ஆனால் அவை கொரிய எழுத்துகள் அல்ல, எந்த நாட்டு எழுத்தும் அல்ல. பெட்டியே கோளாறு, திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார் அவர். மகள் போரா பள்ளிக்கூடம் போன பிறகு கையேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நம் எழுத்தைக் கம்ப்யூட்டருக்குள் வைக்க இரண்டு முறைகள் உண்டாம். முழு எழுத்தாக வைப்பது ஒன்று, துண்டு துண்டாக வைத்துச் சேர்ப்பது இன்னொன்று. நிலையம் ஒரு முறையில் அனுப்ப, எங்கள் மென்பொருள் மற்ற முறையில் படித்துக்கொண்டிருந்தது. ஒரே ஒரு இடத்தில் மாற்றினேன். திரை முழுக்க மனிதர்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். மறுநாள் போனில் தன் அலுவலக நண்பரிடம் அவர் சொல்வது சமையலறை வரை கேட்டது. “சின்ன விஷயம்தான்யா. ஒரு செட்டிங்கை மாத்தினேன், சரியாயிடுச்சு.”

நான் குழாயைத் திறந்து பாத்திரம் கழுவத் தொடங்கினேன். வீடு ஒன்றுதானே.

அந்தச் சேவையில் எங்கள் தேகு நகரத்துக்காரர்கள் நடத்தும் இலக்கிய மன்றம் ஒன்று இருந்தது. கதைப் பலகையில் யார் வேண்டுமானாலும் எழுதிப் போடலாம். காலையில் துணி துவைக்கும் இயந்திரத்தை ஓடவிட்டு, நான் ஒரு தொடர் எழுதத் தொடங்கினேன். எழுபதுகளில் நகரப் பேருந்துகளில் கண்டக்டர் பெண்கள் இருந்தார்களே, அவர்களில் ஒருத்தியின் கதை. பெயர் ஜோம்ரே. உண்மையில் அவள் என் அக்கா. கிராமத்திலிருந்து பதினேழு வயதில் வந்து, பேருந்தின் பக்கவாட்டுத் தகட்டை உள்ளங்கையால் அறைந்து “போலாம்!” என்று கத்திக் கத்தித் தொண்டையும் கையும் காய்த்துப்போனவள். அந்தச் சம்பளத்தில்தான் நான் கல்லூரிக்குப் போனேன். வேலை முடிந்ததும் கண்டக்டர் பெண்களை வரிசையில் நிற்கவைத்து, டிக்கெட் காசைத் திருடியிருக்கிறார்களா என்று உடம்பைத் தடவிப் பார்ப்பார்கள். சட்டைப் பைகளை ஊசிநூலால் தைத்து மூடிவிடச் சொல்வார்கள். அக்கா இதையெல்லாம் ஒரே ஒருமுறைதான் என்னிடம் சொன்னாள், அதுவும் சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பு என் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

தொடரைப் போட்டதும் பதில்கள் வந்தன. ஒவ்வொரு பகுதிக்கும் கீழே வரிசையாக. எல்லாமே, அவருடைய குடும்பப் பெயரையும் சேர்த்து, “மின் தோசிக் ஐயா” என்றுதான் தொடங்கும். ஒரு செவிலி எழுதியிருந்தாள்: “ஒரு ஆணால் பெண் மனசை இப்படிப் புரிந்துகொள்ள முடியும் என்று இன்றுதான் நம்பினேன்.” அதைப் படித்துவிட்டு நான் எழுந்துபோய் முட்டைக்கோஸை நறுக்கினேன். எவ்வளவு பொடியாக நறுக்கினேன் என்றால், அன்று அதை வைத்து ஒன்றும் செய்ய முடியவில்லை.

மன்றத்தாரின் மாதக் கூட்டத்துக்கு அவர்தான் போனார். அழைப்பு அவர் பெயருக்கு வந்ததே. உண்மையைச் சொல்லிவிட்டு வருகிறேன் என்றுதான் கிளம்பினார். அரிசிக்கள்ளும் வெங்காயத்தாள் அடையும் மணக்க, முகமெல்லாம் சிவந்து திரும்பி வந்தார்.

“சொன்னீங்களா?”

“எங்க சொல்ல விட்டாங்க! உள்ள நுழைஞ்சதும் எல்லாரும் எழுந்து நின்னு கைதட்டுறாங்க. ‘எழுத்தாளர் ஐயா’ங்கிறாங்க. அந்த நேரத்துல போய், ஐயோ நான் இல்ல, என் வீட்டுக்காரின்னா... நல்லாவா இருக்கும்?”

“அடுத்த மாசம் சொல்லுங்க.”

“சொல்றேன், சொல்றேன். கோவிச்சுக்காத. உன்னைத்தானே பாராட்டுறாங்க, என் காதுல விழுந்தா உன் காதுல விழுந்த மாதிரி.”

அவர் கெட்டவர் இல்லை. அதையும் நான்தான் சொல்ல வேண்டும். விசைப்பலகையில் தூசு படியக் கூடாது என்று என் பழைய பாவாடைத் துணியில் உறை தைத்துக் கொடுத்தவர் அவர். குளிர்காலத்தில் செஸ்நட் கொட்டைகளைச் சுட்டு, தோலை உரித்து, நான் தட்டச்சு செய்யும்போது பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார். வேலையில் இருபது வருடமாக நெசவு இயந்திரம் விற்கும் மனிதரை ஒரு அறையே எழுந்து நின்று வரவேற்றது அதுதான் முதல் தடவை. அது எனக்குப் புரிந்தது. புரிந்ததுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

வசந்தத்தில் இணைப்பு அறுந்துபோக ஆரம்பித்தது. பாதிப் பகுதி போயிருக்கும். திடீரென்று ஒரு வரி குப்பை எழுத்து, பிறகு திரையின் அடியில் ‘நோ கேரியர்’, எதிர்ப்பக்கம் இணைப்பில் இல்லை என்று. அவ்வளவுதான், முதலிலிருந்து அனுப்ப வேண்டும். அறுந்த மறுகணம் போன் மணி அடிக்கும். ஜோன்ஜுவிலிருந்து மாமியார்.

“யார்கிட்ட இவ்வளவு நேரம் பேசிட்டிருந்த? மணி அடிச்சிட்டே இருக்கு, எடுக்கவே மாட்டேங்கிற!”

“நான் யார்கிட்டயும் பேசல அத்தை. கம்ப்யூட்டர்...”

“கம்ப்யூட்டர் கூடயா பேசிட்டிருந்த?”

ஒருமுறை, இரண்டுமுறை என்றால் தற்செயல். நான் அவரிடம் சொன்னேன். “அத்தை கூப்பிடுறப்போதான் அறுந்து போகுதுங்க.”

அவர் சிரித்தார். “அறிவோட பேசு. லைன் உபயோகத்துல இருந்தா வெளியிலிருந்து வர்ற கால் எப்படி உள்ள வரும்? எங்கேஜ் சத்தம்தானே கேக்கும்? நீ ஏதோ தப்பா அமுக்குற.”

நியாயமாகத்தான் பட்டது. நான் வயரை மாற்றினேன். வேகத்தைக் குறைத்தேன். மோடத்தைத் தொலைக்காட்சியிலிருந்து தள்ளி வைத்தேன். கையேட்டை அட்டை பிய்யும்வரை படித்தேன். ஏதோ தப்பாகத்தான் அமுக்குகிறேன் என்று என் விரல்களையே சந்தேகப்பட்டேன்.

இதற்கிடையில் மன்றம் ஒரு தொகுப்பு அச்சிட முடிவு செய்தது. ஜோம்ரேயின் கதைதான் அதில் பெரிய பங்கு. கடைசிப் பகுதியை அந்த வாரம் முழுக்க அனுப்பிப் பார்த்தேன், போய்ச் சேரவில்லை. திங்கட்கிழமை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். ஞாயிறு மதியம் மன்றத் தலைவரே நேரில் வந்துவிட்டார். பெயர் தாக் சாங்வூ, உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார், முப்பது வயதிருக்கும். பழச்சாறுப் பெட்டியை இரண்டு கையாலும் நீட்டி, இடுப்பு வளையக் குனிந்து வணங்கினார்.

“அண்ணி, ஞாயித்துக்கிழமை தொந்தரவு பண்றேன். மன்னிச்சுக்கணும்.”

“உள்ள வாங்க தம்பி,” என்று என் கணவர் முந்திக்கொண்டார். “போரா அம்மா, ஆப்பிள் கொண்டா.”

ஆப்பிள்!

நான் தட்டோடும் கத்தியோடும் வந்து தரையில் உட்கார்ந்தேன். தாக் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து மென்பொருளின் அமைப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“எல்லாம் கச்சிதமா வச்சிருக்கீங்களே அண்ணே. யார் செட் பண்ணினது?”

“பார்த்துப் பார்த்துப் பண்ணினது தம்பி,” என்றார் இவர். யார் என்று சொல்லாமலே.

“எனக்கு ஒரு விஷயம் ரொம்ப நாளா கேக்கணும் அண்ணே. அந்தச் சட்டைப் பையைத் தைச்சு மூடுவாங்கன்னு எழுதியிருந்தீங்களே, அது எப்படித் தெரியும்? எங்க சித்தி கண்டக்டரா இருந்தவங்க. படிச்சிட்டு ஒரு நாள் முழுக்க அழுதாங்க.”

இவர் தொண்டையைச் செருமினார். “அது... விசாரிச்சதுதான். நாலு பேரைப் பார்த்து, பேசி...”

என் அக்காவின் பெயர்கூட அவருக்குச் சட்டென்று நினைவுக்கு வராது. தோல் சுருள் அறாமல் ஆப்பிளைச் சீவிக்கொண்டிருந்தேன், அந்த இடத்தில் அறுந்து விழுந்தது.

“கடைசியில என்ன ஆகுது அண்ணே? அச்சுல படிக்கிற வரைக்கும் தாங்காது. சொல்லுங்களேன்.”

“கடைசியிலயா? டிரைவர் நல்ல பையன் இல்லையா... கல்யாணம் ஆயிடும்.”

“ஆகாது,” என்றேன்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். கத்தி என் கையில் இருந்தது. தட்டில் வைத்தேன்.

“சோதனை பண்ற இடத்துக்கு முந்தின நிறுத்தத்துலயே இறங்கிடுவா. காசுப் பையை டிரைவர் மடியில வச்சிட்டு, தகட்டுல ரெண்டு அறை அறைஞ்சு, ‘போலாம்’னு சொல்லிட்டு நடந்து போயிடுவா.”

தாக்கின் வாய் லேசாகத் திறந்திருந்தது. இவர் அவசரமாகச் சிரித்தார். “என் கதைக்கு முதல் வாசகி இவதான் தம்பி. ஒரு வரி விட மாட்டா.”

முதல் வாசகி. பல்லைக் கடித்துக்கொண்டு ஆப்பிள் தட்டை இவர் பக்கம் தள்ளினேன். கொஞ்சம் வேகமாகவே தள்ளிவிட்டேன் போலிருக்கிறது, ஒரு துண்டு தரையில் உருண்டது. தாக் அதை எடுத்துத் தன் கைக்குட்டையில் வைத்துக்கொண்டார். நல்ல பிள்ளை. என்னிடம்தான் அடுத்த கேள்வியைக் கேட்டார்.

“அண்ணி, அறுந்துபோறப்போ திரையில என்ன வருது?”

“ஒரு வரி குப்பை எழுத்து. அப்புறம் நோ கேரியர். உடனே போன் அடிக்கும். எப்பவும் அத்தை.”

“எப்பவுமா? அப்ப நிச்சயம் அதுதான். லைன் உபயோகத்துல இருந்தாலும் அடுத்த காலை உள்ள விடுற வசதி ஒண்ணு இருக்கு, காத்திருக்கும் அழைப்புன்னு. அது நடுவுல ‘டொக்’னு ஒரு சத்தம் போடும். நாம பேசிட்டிருந்தா பரவாயில்ல. மோடம் அந்தச் சத்தத்துல தடுமாறி, எதிர்ப்பக்கம் போயிடுச்சுன்னு நினைச்சு வச்சிடும். ஆனா அந்த வசதியை நாமளே கேட்டு வாங்கினாத்தான் குடுப்பாங்களே. வாங்கியிருக்கீங்களா அண்ணே?”

இவர் ஒரு ஆப்பிள் துண்டை எடுத்தார். திருப்பித் தட்டிலேயே வைத்தார். காது நுனி சிவந்தது. அரிசிக்கள் குடித்தால் சிவப்பது போலவே.

“அம்மா குறைப்பட்டுக்கிட்டாங்க,” என்றார், என்னைப் பார்க்காமல். “எப்பக் கூப்பிட்டாலும் எங்கேஜ், உன் பொண்டாட்டி யாரோட பேசுறான்னு. வசந்தத்துல... அலுவலகத்துலேர்ந்தே சொல்லி வாங்கிட்டேன். உன்கிட்ட சொன்னா மனசு கஷ்டப்படுவியேன்னு.”

தெரிந்திருக்கிறது. அறிவோடு பேசு என்று சிரித்தபோதும் தெரிந்திருக்கிறது. நான் மேசைக்கடியில் தவழ்ந்து வயரை மாற்றியபோது, அவர் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றாரே, அப்போதும் தெரிந்திருக்கிறது. என் கன்னம் சுட்டது. வந்தவர் முன்னால் குரலை உயர்த்தக் கூடாது என்று என்னைப் பெற்றவர்கள் வளர்த்துத் தொலைத்திருந்தார்கள்.

தாக் பாவம், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் திரையைப் பார்த்தார். “அதை எடுத்துடலாம், நாளைக்குச் சொன்னா போதும். இன்னிக்கு வேற வழி பண்ணலாம். சத்தம் அறுந்தா எவ்வளவு நேரம் பொறுத்துப் பார்க்கணும்னு மோடத்துக்குச் சொல்ற கட்டளை ஒண்ணு இருக்கு. இப்ப ஒரு நொடிக்கு மேல பொறுக்காது. கொஞ்சம் கூட்டி வைப்போம்.”

கூட்டி வைத்தார். மோடத்துக்கு அப்படி ஒரு கட்டளை இருக்கிறது. எனக்கும் யாரோ என்றோ கூட்டி வைத்துவிட்டிருக்க வேண்டும்.

“அண்ணே, வாங்க. அனுப்புங்க,” என்று தாக் நாற்காலியை விட்டு எழுந்தார். இவர் நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எந்த விசையை அமுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. நான் போய் உட்கார்ந்தேன். கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு நிலையத்தை அழைத்தேன். கீச்சு, இரைச்சல், நீலத் திரை. ஜோம்ரே வரி வரியாக மேலே ஏறிப் போகத் தொடங்கினாள்.

முக்கால்வாசி போயிருக்கும், திரையில் குப்பை எழுத்துகள் சிதறின. மாமியார்தான், வேறு யார். மூவரும் மூச்சை நிறுத்தினோம். கர்சர் அப்படியே நின்று துடித்தது. ஒருமுறை, இன்னொருமுறை. பிறகு, எதுவும் நடக்காதது போல, அடுத்த வரி வந்தது. அதற்கடுத்த வரி. ஜோம்ரே தகட்டை அறைந்தாள். நடந்தாள். பதிவாகிவிட்டது என்று திரை சொன்னது. தலைப்புக்குப் பக்கத்தில் தானாகவே வந்து நின்றது ‘மின் தோசிக்’.

“அப்பாடா!” தாக் கைதட்டினார். பையிலிருந்து அட்டைப்பட மாதிரியை எடுத்து விரித்தார். “ஒரே ஒரு விஷயம் பாக்கி அண்ணே. அட்டையில உங்க பேரை நம்ம எழுத்துல போடட்டுமா, பெரிய எழுத்தாளருங்க போடுற மாதிரி சீன எழுத்துல போடட்டுமா?”

இவர் அட்டையைக் கையில் வாங்கினார். பெயர் வர வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அதைக் கட்டைவிரலால் மெல்லத் தடவினார்.

“சீன எழுத்துலயே போட்டுடுங்க தம்பி,” என்றார். “கம்பீரமா இருக்கும்.”

நான் இணைப்பைத் துண்டித்தேன். அந்தக் கணமே போன் மணி அடித்தது. அவர் கை அனிச்சையாக அதன் பக்கம் நீண்டது.

“எடுக்காதீங்க,” என்றேன்.

நீண்ட கை அப்படியே நின்றது. கூடம் முழுக்க மணி அடித்துக்கொண்டிருந்தது. என் குரல் அதற்கு மேலே கேட்க வேண்டியிருந்ததால், பெற்றவர்கள் வளர்த்த வளர்ப்பையும் மீறிக் கொஞ்சம் உரக்கத்தான் பேசினேன்.

“ஏங்க, இந்தக் கதையை எழுதினது யாருன்னு தம்பிகிட்ட நீங்களே சொல்லுங்க. போரா அம்மான்னு இல்ல. ஹான் யோன்வான்னு, என் பேரைச் சொல்லி, உங்க வாயாலயே சொல்லுங்க.”