லாரிக்காரனின் இரண்டு விரல்

கோர்ட்டில் வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல ஜூரியாக வரச்சொல்லி வந்த சம்மனை ஓசெல் டார்வர் ஐஸ்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தார். ஊரில் மற்றவர்களுக்கு அந்தக் காகிதம் வந்தால் முதுகுவலி, மூலம், மாமியாருக்குச் சீக்கு என்று எதையாவது தேடிப் பிடிப்பார்கள். ஓசெலுக்கு அது கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது. தேர்ந்தெடுத்துவிட்டால் மூன்று நாள். பன்னிரண்டு பேராக ஒரே அறை. மத்தியானச் சாப்பாடு கோர்ட்டிலேயே கிடைக்கும். எதிரே ஒரு மனுச முகத்தை வைத்துக்கொண்டு சாப்பிடலாம். பெண்டாட்டி லொரீத்தா செத்த இந்த நாலு வருஷத்தில் அப்படி எத்தனை தடவை சாப்பிட்டார் என்று எண்ண ஒரு கை விரல்களே அதிகம்.

அந்தக் கைகளும் நேராக இல்லை. முப்பத்தொரு வருஷம் கோழித் தொழிற்சாலையில் உயிரோடு வரும் கோழியைக் காலைப் பிடித்துத் தூக்கி, தலைக்கு மேல் ஓடும் கொக்கியில் மாட்டியவர். நிமிஷத்துக்கு இருபத்தைந்து கோழி. விரல்கள் எதையோ பிடித்தபடியே நின்றுவிட்டன. தொழிற்சாலை மூடிய பிறகும் நிமிரவில்லை.

திங்கட்கிழமை காலை லொரீத்தாவின் சாவுக்குப் போட்ட கோட்டையே போட்டுக்கொண்டு மார்லோ ஊருக்குள் வண்டியை ஓட்டிப் போனார். பெல்டன் கவுண்டி என்கிற மாவட்டத்துக்குத் தலைமை ஊர் என்று பேர். கோர்ட்டைச் சுற்றி நாலு பக்கமும் கடைகள். செருப்புக்கடைக்குப் பலகை அடித்தாயிற்று, மருந்துக்கடைக்குப் பலகை அடித்தாயிற்று. ஜாமீன் வாங்கித் தருகிறவனின் கடை மட்டும் விளக்கெரிய நடந்தது.

மேல்மாடியில் அறுபது பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளைக்காரருக்கு ஒரு தேவாலயம், கறுப்பருக்கு ஒரு தேவாலயம் என்று பிரிந்து கும்பிடுகிற ஊர், இங்கே கலந்து உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தது. ஓசெல் பக்கத்தில் முடி அலங்காரக் கடை வைத்திருக்கும் வான்சில் வந்து விழுந்தாள்.

"என்ன டார்வர் அண்ணே, கோட்டெல்லாம் பலமா இருக்கு. பொண்ணு பாக்க வந்தீங்களா?"

"பொண்ணு நல்லா இருந்தா பாக்கலாம்தான்."

"என் பின்னாடி வரிசையில நிக்காதீங்க, ஏற்கெனவே மூணு பேர் தொல்லை."

ஓசெல் வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு தொண்டையில் தகரம் உரசுகிற மாதிரி வந்தது. உபயோகிக்காத சாமான்.

வழக்கு இதுதான்: மூடிக்கிடக்கும் கவுண்டி ஆஸ்பத்திரிக்குள் புகுந்து, சுவரை உடைத்துச் செம்புக் கம்பிகளை உருவி விற்றதாகக் கீனன் மோப்லி என்ற இருபத்தேழு வயசுப் பையன் மேல் குற்றச்சாட்டு. பையன் வக்கீலுக்குப் பக்கத்தில், இரவல் சட்டையும் டையுமாக, முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சொந்தக்காரர், சிநேகிதர் யாராவது உண்டா?" என்று அரசு வக்கீல் கேட்டார்.

பையனை எழுந்து திரும்பச் சொன்னார்கள். பத்தொன்பது கைகள் உயர்ந்தன. சித்தப்பா பெண்டாட்டி, பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவன், முன்னாள் மச்சினன். ஓசெல் முகத்தைப் பார்த்தார். தெரிந்த முகமாக இல்லை. கையை மடியிலேயே வைத்திருந்தார்.

"சரி. அந்த ஆஸ்பத்திரியில உங்க வீட்டுல யாராவது பிறந்தது, செத்தது உண்டா?"

கூடமே கையைத் தூக்கியது. நீதிபதியம்மாவே பாதி தூக்கிவிட்டு இறக்கிக்கொண்டார். சிரிப்பு எழுந்தது. ஓசெல் மட்டும் தூக்கவில்லை. அவர் பிறந்தது வீட்டில். லொரீத்தா அங்கே சாகவில்லை. அவளுக்கு நெஞ்சு வலித்தபோது அதை மூடி எட்டு மாசம். அடுத்த ஆஸ்பத்திரி ஐம்பது மைல். ஆம்புலன்ஸ் முப்பத்தெட்டாவது மைலில் வேகத்தைக் குறைத்தது, அவசரம் தீர்ந்துபோனதால். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை.

பதினோரு மணிக்குத் தேர்ந்தெடுத்தவர்களின் பேரைப் படித்தார்கள். ஏழாவது நாற்காலி, ஓசெல் டார்வர். எட்டாவது, வான்சில்.

நாற்காலி சுழல்கிற நாற்காலி. ஆளுக்கொரு நோட்டும் பென்சிலும் வந்தது. சேவகர் கிராடக் சாப்பாட்டுப் பட்டியலைச் சுற்றுக்கு விட்டார்: பன்றிக்கறியா, கோழியா.

"கோழின்னு போடுங்க அண்ணே," வான்சில் கிசுகிசுத்தாள்.

"ஆயுசுக்கும் வேண்டாம்மா. அதுங்க கண்ணைப் பாத்தவன் நான்."

"உங்களுக்கா கேட்டேன்? நீங்க கோழி போடுங்க, நான் பன்னி போடறேன். ஆளுக்குப் பாதி, எல்லாத்தையும் நானே தின்னுக்கறேன். ஆமா, அந்த ஓட்டை வண்டியில எதுக்குத் தினமும் வரணும்? நாளையிலேருந்து என்கூட வாங்க. ஏழரைக்கு வாசல்ல ஹாரன் அடிப்பேன், தயாரா இருக்கணும்."

ஓசெல் "சரி" என்றார். பட்டியலில் கோழி என்று போட்டார். நோட்டின் முதல் பக்கத்தில் 'ஏழரை' என்று எழுதிக்கொண்டார்.

அப்போதுதான் மோப்லி இடது கையை மேசைமேல் வைத்து விரல்களால் தட்டினான். ஆள்காட்டி விரலில் மேல் கணு இல்லை. குட்டை விரல் ஒன்று, பக்கத்தில் நீள விரல் ஒன்று. இரண்டும் மாறி மாறி.

ஓசெல் பென்சிலைக் கீழே வைத்தார்.

அந்த விரல்களை அவருக்குத் தெரியும். தினம் காலை ஆறேகாலுக்குக் காப்பிக் கோப்பையோடு வாசற்படியில் உட்காருவார். வீட்டுக்கு முன்னால் நெடுஞ்சாலையில் மரம் ஏற்றும் லாரி போகும். கண்ணாடிக்குப் பின்னால் தொப்பி, நிழல், ஸ்டியரிங் மேல் ஒரு கை. வீட்டைத் தாண்டும்போது அந்தக் கையிலிருந்து குட்டை விரலும் நீள விரலும் வணக்கம் போல எழும்பி இறங்கும். ஓசெல் கோப்பையை உயர்த்துவார். மழை நாளிலும் ஜுரத்திலும் அதற்காகவே எழுந்து உட்கார்ந்திருக்கிறார். லாரி வராத ஞாயிறும் பண்டிகையும் நீளமான நாட்கள்.

நீதிபதியம்மா கண்ணாடியைக் கழற்றினார். "சத்தியப் பிரமாணம் எடுக்கிறதுக்கு முன்னாடி கடைசியா கேக்கறேன். யாராவது ஏதாவது சொல்லணுமா?"

ஓசெல் நோட்டைப் பார்த்தார். ஏழரை. காலையில் வேதப் புத்தகத்தின்மேல் கை வைத்து, கேட்பதற்கு உண்மையே சொல்வேன் என்றிருந்தார். நாசமாய்ப்போன கை தானாக மேலே போயிற்று.

"அம்மா, எனக்கு இவரைத் தெரியும்."

"எப்படி?"

"தினமும் லாரியில போறப்ப எனக்கு ரெண்டு விரல் தூக்குவாரு."

கூடம் வெடித்துச் சிரித்தது. "இந்தக் கவுண்டியில எருமைக்கும் ரெண்டு விரல் தூக்குவானுங்க!" என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான். நீதிபதியம்மா சுத்தியைத் தட்டினார்.

பையனின் வக்கீல் சிரித்த முகத்தோடு எழுந்தார். "டார்வர் சார், அவரோட பேசியிருக்கீங்களா?"

"இல்ல."

"பேராவது தெரியுமா?"

"இன்னிக்குத்தான் தெரிஞ்சது."

"அப்ப நியாயமா தீர்ப்புச் சொல்ல உங்களுக்கு ஒரு சிரமமும் இருக்காதே?"

'இருக்காது' என்று சொன்னால் போதும். நாற்காலி அவருடையது. வான்சில் முழங்கையால் இடித்து, "இல்லன்னு சொல்லுங்க அண்ணே" என்று பல்லுக்குள் சொன்னாள்.

"சிரமம்தான் சார்," என்றார் ஓசெல். "அவரை உள்ள போட்டா அந்த வழியா எனக்குன்னு வர்றதுக்கு வேற ஆளில்ல."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அரசு வக்கீல் இவர் வேண்டாம் என்று கையை அசைத்தார். "நன்றி ஐயா, நீங்க போகலாம்," என்றார் நீதிபதியம்மா, மெதுவாகத்தான்.

ஜூரிக் கூண்டிலிருந்து இறங்கி மோப்லியின் மேசையைக் கடந்து போனார். அவன் நிமிர்ந்து பார்த்தான். கண்ணில் ஒன்றுமில்லை. பாதை மறிக்கிற நாயைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு வக்கீலிடம் குனிந்தான். "யாரு இந்த ஆளு?" என்றது ஓசெல் காதில் விழுந்தது.

படிக்கட்டில் கிராடக் ஓடி வந்து ஒரு பெட்டியை நீட்டினார். "உங்க பேருக்கு சொல்லியாச்சு பெரியவரே. வீணாப்போக வேண்டாம்."

கோர்ட்டுக்கு எதிரே, பலகை அடித்த மருந்துக்கடை முன்னால் வண்டியை நிறுத்தி உள்ளேயே உட்கார்ந்து பெட்டியைத் திறந்தார். கோழி. தொடையும் காலும். மேலே மாடி ஜன்னலில் தலைகள் அசைவது தெரிந்தது. தின்றார். எல்லாவற்றையும் தின்றார்.

செவ்வாய் காலை லாரி வரவில்லை. புதன் வரவில்லை. இரண்டு நாளும் ஏழரை மணிக்கு வான்சிலின் கார் தூசி கிளப்பிக்கொண்டு போனது. அவள் ஹாரன் அடித்தாள், நிற்கவில்லை. நேரமாகிவிட்டிருக்கும்.

வியாழன் ஆறேகாலுக்கு வளைவில் இஞ்சின் சத்தம் கேட்டது. ஓசெல் படியில் நிமிர்ந்து உட்கார்ந்து கோப்பையைச் சரியாகப் பிடித்துக்கொண்டார். அதே லாரி, அதே பச்சைக் கதவு. ஸ்டியரிங் மேல் ஒரு கை. வீட்டைத் தாண்டும்போது இரண்டு விரல்கள் எழுந்தன.

இரண்டும் முழு விரல்கள்.

தீர்ப்பு என்ன என்று அவர் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. லாரி மரத்தூளைச் சிந்திக்கொண்டு போய்விட்டது. கோப்பை இன்னும் மடியிலேயே இருந்தது. புதுப் பையன் கண்ணாடியில் திரும்பிப் பார்த்திருப்பானோ என்னவோ. கோப்பையை நாளைக்குத் தூக்கினால் போகிறது என்று நினைத்துக்கொண்டு, ஆறிய காப்பியைக் குடித்தார்.