எட்டு அங்குல ஆசை

லிஃப்ட் மெக்கானிக்குக்கு எட்டு அங்குல ஜாயின்டர் மேல் கண். கோணல் பலகையை அதன்மேல் வைத்துத் தள்ளினால் அடிப்பக்கத்தைச் சமமாகவும் ஓரத்தை நேராகவும் சீவித் தருகிற மெஷின் அது. ஆறு அங்குல அகலப் பலகை வரை மட்டும் சீவுகிற சின்னதும் கிடைக்கும். அதை ஒரு ஆளே தூக்கி வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஆசை என்று வந்துவிட்டால் மனுஷன் சின்னதுக்கா ஆசைப்படுவான்?

காரணம் நியாயமானதுதான். அவர் மனைவி தையல்காரி. துணி வெட்டத் தரையில் மண்டியிடுவாள். மாலையில் விளக்கைப் போட எழும்போது இடுப்பைப் பிடித்துக்கொள்வாள். அவர் கையால் இழைத்துச் செய்து கொடுத்த மேஜை ஆடிய ஆட்டத்தில் கத்தரி விலகி, யாருடைய சட்டையோ பாழானது. அன்றிலிருந்து மறுபடியும் தரைதான். அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் அவரை அரித்தது. இந்த மேஜை ஆடவே கூடாது.

ஞாயிற்றுக்கிழமை பின்னறையை ஒழித்து, அவளுடைய தையல் சாக்கட்டியால் தரையில் மெஷினை வரைந்தார். சுற்றி நடக்கக்கூட இடம் இருந்தது.

"பாத்தியா? அளவெடுத்துத் தச்ச சட்டை மாதிரி இருக்கு."

"சட்டைன்னா கையத் தூக்கிப் பாக்கணும்ல? பலகையத் தள்ளிக் காட்டுங்க."

ஒரு நீளப் பலகையை இடுப்பு உயரத்தில் பிடித்துக் கெத்தாகத் தள்ளினார். பாதிகூடப் போகவில்லை, எதிர்ச்சுவரில் இடித்துக் காரை உதிர்ந்தது. அசடு வழிந்தபடி கோடுகளை அழித்து, ஜன்னலை ஒட்டி நீளவாக்கில் வரைந்தார். இப்போது பலகை தாராளமாகப் போய் வந்தது.

"இப்ப என்ன சொல்ற?"

அவள் ஜன்னலடியில், கோடுகளுக்கு நடுவே வந்து நின்றாள். அறையில் வெளிச்சம் விழும் ஒரே இடம் அதுதான்.

"எல்லாம் சரிங்க. என் மேஜைய எங்க போடப்போறீங்க?"

அகலம், நீளம் என்று இத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொண்டவர், எதற்காக மெஷின் என்பதையே மறந்திருந்தார். வெட்கமாக இருந்தது. அவள் சிரித்துக்கொண்டே கேட்டது இன்னும் வலித்தது.

எல்லாவற்றையும் அழித்தார். ஜன்னலடியில் முதலில் மேஜையை வரைந்தார். அதற்கு அடியில் ஆறு அங்குல மெஷின் மட்டும்தான் அடங்கியது.

"கீழயே கெடக்கட்டும். வேலை இருந்தா வாசப்பக்கம் எடுத்துப் போட்டுக்கறேன்."

"அகலம் பத்தாதுன்னீங்களே?"

"ஒடுக்கமான பலகையா எடுத்து ஒட்டிக்கலாம்மா. பெரிசுதான் வேணும்னு அடம் பிடிச்சது நான்தான்."

மேஜை தயாரான அன்று அவள் நான்கு மூலையையும் அழுத்திப் பார்த்தாள். அசையவில்லை. துணியை விரித்து வெட்ட ஆரம்பித்தாள். அவர் வேலை இருப்பதுபோல் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தார்.

இருட்டியது. அவள் நின்றபடியே கையை நீட்டி விளக்கைப் போட்டாள்.