நாற்பத்தொரு வயிறு

டூட்டி அக்காவுக்கு அன்று காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. மலிவு டிக்கெட் விமானக் கம்பெனி ஒன்றில், எந்த விமானி எந்த நாள் பறப்பது என்று டூட்டி போடுவது அவள் வேலை. அதனால்தான் அந்தப் பெயர். ஆறு மாதத்தில் பதினோரு விமானிகள் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள். இவருடைய ஓய்வைப் பிடுங்கி அவருடைய இடத்தில் ஒட்டி, மிச்சம் இருப்பவர்களை வைத்து எப்படியோ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

வர முடியாது என்று விமானி போன் செய்தால் காரணம் பதிய வேண்டும். கணினியில் நாலே காரணங்கள்: காய்ச்சல், வயிறு, குடும்பம், களைப்பு. களைப்பு என்று போட்டால் மூன்று பக்கப் படிவம், விசாரணை, பதவி உயர்வுக்கு வேட்டு. பாவம் பார்த்து எல்லாருக்கும் வயிற்றையே போட்டுவந்தாள்.

மூன்று மாதத்தில் நாற்பத்தொரு வயிறு! மேலிடத்தின் சந்தேகம் கேன்டீன் மேல் விழுந்தது. நாலு மணிக் கூட்டத்தில் கேன்டீன்காரரின் ஒப்பந்தத்தை ரத்து செய்யப்போகிறார்கள்.

மூன்றரைக்கு அவரே மாடியேறி வந்து நின்றார்.

"ஏம்மா, ஏழு வருஷமா என் கையால சாப்பிடற. ஒரு நாளாவது வயித்த வலிச்சிருக்கா?"

"இல்லண்ணே."

"அப்ப விமானிங்களுக்கு மட்டும் என்ன, கண்ணாடி வயிறா?"

சிரிக்கவும் முடியவில்லை, மழுப்பவும் முடியவில்லை. உள்ளதைச் சொல்லிவிட்டாள்.

"அடிப்பாவி! என் சோத்துல மண்ணப் போட்டது நீதானா?"

"வேணும்னு செய்யலண்ணே. அவங்களாவது கொஞ்சம் தூங்கட்டும்னுதான்..."

"அவங்க தூங்கறதுக்கு நான் தெருவுல நிக்கணுமா?"

போன் அடித்தது. நெட்டைக் கேப்டன். சாயங்காலம் ஆறு மணி விமானம் அவருடையது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, இன்னிக்கு முடியல. வழக்கம்போல வயிறுன்னு போட்டுடு."

"வயிறு தீந்துபோச்சு சார்."

"என்னது! காய்ச்சல்?"

"உங்களுக்குக் காய்ச்சலா சார்?"

"விளையாடாத அக்கா. அடுத்த மாசம் எனக்குப் பதவி உயர்வு. அத மட்டும் கெடுத்த, நானும் வேற கம்பெனி பாத்துக்கிட்டுப் போயிட்டே இருப்பேன்."

"நம்ம எல்லார் வயித்தாலயும் கேன்டீன மூடப்போறாங்க சார். கேன்டீன் அண்ணன் எதிர்லதான் நிக்கறாரு. அவர்கிட்டயே சொல்லுங்க."

கேன்டீன்காரர் போன் பக்கம் குனிந்தார். "சார், நேத்து என் கேன்டீன்ல என்ன சாப்பிட்டீங்க?"

"சாப்பிடலண்ணே. தட்ட முன்னால வச்சுக்கிட்டே தூங்கிட்டேன்." குரல் இறங்கிப் போயிருந்தது. "அதுக்கு முன்னாடி விமானத்த எப்படித் தரையில இறக்கினேன்னே ஞாபகம் இல்ல."

கேன்டீன்காரர் சட்டென்று நிமிர்ந்தார். அக்காவின் விரல் விசைப்பலகை மேல் அப்படியே நின்றது.

"போடு அக்கா. களைப்புன்னே போடு."

போட்டாள். போட்ட கையோடு கூட்ட அறைக்கு நடந்தாள். கேன்டீன்காரர் பின்னாலேயே வந்தார்.

"அந்த நாப்பத்தொன்னும் வயிறு இல்ல சார், களைப்பு. மாத்திப் போட்டது நான்" என்றாள் மேனேஜரிடம்.

"வேலை போயிடும், தெரியுமில்ல?"

"தெரியும். ஆறு மணிக்கு நெட்டைக் கேப்டனும் வரல. களைப்பு."

"வேற ஆளப் போடு."

"இருந்தாத்தானே சார் போடறதுக்கு? மிச்சப் பேரெல்லாம் வானத்துல இருக்காங்க. வீட்டுல இருக்கறவங்க இப்பத்தான் வந்து படுத்தாங்க."

மேனேஜர் நெற்றியைத் தேய்த்தார். கேப்டன் இல்லாமல் விமானம் கிளம்பாது. கிளம்பாவிட்டால் நூற்று எண்பது பயணிகளும் இங்கேயே உட்காருவார்கள். கம்பெனிதான் சாப்பாடு போட வேண்டும்.

"நூத்தியெண்பது பேருக்குச் சாப்பாடு வேணும். கேன்டீன்காரர் எங்க?"

"இங்கதான் நிக்கறேன். என் ஒப்பந்தத்த ரத்து பண்ணப்போறீங்களான்னு கேக்கத்தான் வந்தேன்."

"ரத்தாவது ஒன்னாவது. போய்ச் சமைக்கிற வேலையப் பாருய்யா!"

"இத எழுதிக் குடுத்துடுங்க சார். அப்புறம்தான் படி இறங்குவேன்."

எழுதி வாங்கிக்கொண்டுதான் இறங்கினார். அக்கா மட்டும் நின்றாள்.

"சார், என் வேலை?"

"உன்ன அனுப்பறதப் பத்தி அடுத்த மாசம் பேசலாம்" என்றார் மேனேஜர். "இப்ப ஆள் இல்ல."