ரிவர்ஸ் போட்டால் பூட்டிக்கொள்ளும் கார்

"ஒரு வக்கீலையும் ஒரு மேனேஜரையும் ஒரே காருக்குள்ள போட்டுப் பூட்டி, நீதிமன்றத்தோட அனுமதியோட அவிச்சு எடுத்தேன்யா!"

சலூன் நாற்காலியில் கழுத்துவரை துணி போர்த்தி உட்கார்ந்திருந்த விசில் மாஸ்டர் இப்படி அறிவித்ததும், முடிவெட்டுகிறவரின் கத்தரி அந்தரத்தில் நின்றது. மாஸ்டர் ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். அவர் காதில் எறும்பாக நுழைவது வாயிலிருந்து யானையாகத்தான் வெளியே வரும். பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அவருடைய மச்சினனை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மாஸ்டர் வாயைத் திறந்தால் "புருடா" என்று முத்திரை குத்துவது, அக்காவைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து அவனுடைய உத்தியோகம். இன்றைக்கு அவன் பேப்பரை இன்னும் உயரத் தூக்கிக்கொண்டான்.

சங்கதி இதுதான். மாஸ்டர் ஆசையாக வாங்கிய புதுக் கார், வெயிலில் நின்று சூடேறிவிட்டால் பேய்பிடித்ததாக மாறிவிடும். ரிவர்ஸ் கியர் போட்டதும் நான்கு கதவும் தானாகப் பூட்டிக்கொள்ளும், கண்ணாடி இறங்காது, ஹாரன் செத்தவனை எழுப்புகிற மாதிரி அலறும். ஒருநாள் கடைத்தெருவில் மாட்டிக்கொண்டு அவர் கண்ணாடியைத் தட்டித் தட்டிக் கத்த, பழைய மாணவர்கள் "மாஸ்டர் வித்தை காட்டுறாருடா" என்று கைதட்டிவிட்டுப் போனார்கள். நல்லவேளை, மழை வந்தது. பானெட் நனைந்ததும் கதவு திறந்தது.

ஷோரூமிலோ, வண்டி வந்ததும் முதலில் குளிப்பாட்டி நிழலில் நிறுத்திவிட்டு, அப்புறம்தான் சோதிப்பார்கள். குளித்து முடித்த கார் பரம சாதுவாக நிற்கும். மூன்றாம் முறை போனபோது, மேனேஜர் வாடிக்கையாளர்கள் எல்லோர் முன்னாலும் சிரித்தார். "கதை நல்லா இருக்கு சார். பொறுமையா ஓட்டிப் பழகுங்க, எல்லாம் சரியாயிடும்."

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வார்த்தைகூடக் கூட்டாமல் உண்மையைச் சொல்லியிருந்தார். அதைப் போய்க் கதை என்றுவிட்டான்! அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை. ரிவர்ஸ் கியர்தான் கனவில் வந்தது.

வக்கீலாக இருக்கும் தன் அக்கா மகளிடம் ஓடினார்.

"மூணு வழி இருக்கு மாமா. நுகர்வோர் நீதிமன்றத்துல கேஸ் போட்டு, குறையைச் சரிபண்ணித் தரச் சொல்லலாம், வேற வண்டி கேக்கலாம், இல்ல பணத்தையே திருப்பிக் கேக்கலாம்."

"நாலாவதா, அந்த மேனேஜரை உள்ள உக்காரவைக்க வழி இருக்கா?"

"சட்டத்துல அப்படியெல்லாம் இல்ல மாமா. ஆனா குறை இருக்குன்னு நிரூபிக்கணும். நிபுணரை அனுப்பி வண்டியைச் சோதிக்கச் சொல்லிக் கேக்கலாம். அப்போ எதிர்த்தரப்பும் கூட இருக்கலாம்."

"கூடன்னா... உள்ளயா?" மாஸ்டரின் மீசை துடித்தது.

"மாமா, கோர்ட்டுல நீங்க வாயே திறக்கக் கூடாது."

திறக்கவில்லை. சோதனை நாளன்று உச்சிவெயிலில், நிழலே விழாத மைதானத்தில் காரை நிறுத்தினார். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். நீதிமன்றம் அனுப்பிய நிபுணர் ஸ்டியரிங்கைப் பிடித்தார். மேனேஜர் பெருமிதமாகப் பக்கத்தில் ஏற, பின்சீட்டில் ஷோரூம் வக்கீல். அத்தான் மூக்குடைபடுவதைப் பக்கத்திலிருந்தே பார்க்கவேண்டும் என்று மச்சினனும் தொற்றிக்கொண்டான்.

நிபுணர் ரிவர்ஸ் போட்டார்.

டக். நான்கு கதவும் பூட்டிக்கொண்டன. ஹாரன் அலறிய அலறலில் ஆகாயத்தில் போன மேகம் திரும்பிப் போயிற்று. எஞ்சினை அணைத்தும் பயனில்லை. மேனேஜரின் டை நாக்கு மாதிரித் தொங்கியது. வக்கீல் கோட்டைக் கழற்றினார், சட்டையைக் கழற்றினார், அதற்குமேல் கௌரவம் தடுத்தது. நிபுணர் மட்டும் வியர்வை சொட்டச் சொட்ட ஆனந்தமாகக் குறிப்பெடுத்தார்.

மாஸ்டர் கண்ணாடியோரம் குனிந்தார். "பொறுமையா இருங்க சார். பழகிட்டா எல்லாம் சரியாயிடும்."

"தண்ணி! தண்ணி ஊத்துங்க சார்! நீங்க சொன்னது உண்மை!"

"என்னது? ஹாரன் சத்தத்துல கேக்கலையே!"

"உண்மை சார்! அத்தனையும் உண்மை!"

"அப்படியா? இந்த வாளியை எங்க வச்சேன்..." மாஸ்டர் மைதானத்தை நிதானமாக ஒரு சுற்றுச் சுற்றினார். காலமெல்லாம் பிள்ளைகளை ஓடவைத்த மனுஷர், அன்றைக்கு நத்தையாக நடந்தார். அப்புறம்தான் பானெட்டில் தண்ணீர் விழுந்தது, கதவு திறந்தது.

வழக்கு ஜெயித்தது. காரை ஷோரூம் வாசலிலேயே விட்டுவிட்டு, போட்ட பணத்தை வாங்கிக்கொண்டு வந்தார்.

முடிவெட்டுகிறவர் பெஞ்சைப் பார்த்தார். "என்னண்ணே, வழக்கமான புருடாதானே?"

மச்சினன் பேப்பரை மெல்ல இறக்கினான். மாஸ்டர் துணிக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டார். ஜெயித்த வழக்குகூட இவன் தீர்ப்புக்கு முன்னால் தூசு.

"நடந்துச்சு," என்றான் மச்சினன், கசப்பு மருந்து குடித்தவன் மாதிரி. "அந்த வாளி இந்த ஆளு காலடியிலேயே இருந்துச்சு. உள்ள இருந்து நான் கையைக் காட்டிக் காட்டி அத்தான், அத்தான்னு அழுதேன். அதுவும் நடந்துச்சு."