மூடியின் மேல் உட்கார்ந்தவர்

பெனில்டா குடிசைக்குள் முழுதாகப் படுப்பதில்லை. மழை பெய்தாலும் தலையை வாசலுக்கு வெளியே நீட்டிக்கொண்டுதான் தூங்குவாள். கேட்டவர்களிடம் உள்ளே கொசு என்று சொல்லி வைத்திருந்தாள். கொசு வெளியில்தான் அதிகம்.

உண்மைக் காரணத்தை மெல்கோரிடம் மட்டும் சொல்லியிருந்தாள். தக்லோபான் நகரப் பக்கம் பெரும்புயல் அடித்தபோது அவள் பள்ளிக்கூடச் சிறுமி. காற்றில் சுவர் சரிந்து, கட்டிலுக்கு அடியில் மாட்டிக்கொண்டாள். மறுநாள் தோண்டி எடுக்கும்வரை கையை மடக்கக்கூட இடமில்லை. இப்போது ஊரில் முடிவெட்டும் கடையில் வேலை பார்க்கிறாள். கடையில் கழிப்பறைக் கதவைக்கூடத் தாழ்ப்பாள் போடமாட்டாள்.

மெல்கோர் கப்பல் சமையல்காரர். ஐம்பதைத் தாண்டியவர். தொலைக்காட்சிப் போட்டிக்கென்று பலவான் மாகாணக் கரையோரத் தீவில் கொண்டுவந்து இறக்கிய முதல் நாளே, அடுப்பு மூட்டத் தெரியாமல் அவள் முழித்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர். அன்றிலிருந்து இருவரும் ஒரு கட்சி. ஓட்டில் தோற்று ஒவ்வொருவராகப் படகேறிப் போய், கடைசியில் ஐந்து பேர் மிஞ்சினார்கள். உடற்பயிற்சிக்கூடம் நடத்தும் ஜோவித்தோவும் அவனுடைய கூட்டாளிகள் இருவரும் ஒரு பக்கம். இவர்கள் இருவரும் இன்னொரு பக்கம். ஓட்டு என்று வந்தால் இவர்களில் ஒருவர் போவது நிச்சயம்.

அன்று மதியம் எல்லோரையும் கடற்கரைக்கு அழைத்தார்கள். கேமராக்கள் தயாராக இருந்தன. தொகுப்பாளினி குலுக்கலில் இரண்டு சீட்டு எடுத்தாள்.

"இன்னைக்கு சோதனை ஒருத்தருக்குத்தான். பெனில்டா. என்ன சோதனைன்னு முடிவு பண்றவர் மெல்கோர்."

மூன்று சோதனைகள் இருந்தன. கடலுக்கு நடுவே நட்ட உயரமான கம்பம், பாம்புகள் போட்ட தொட்டி, ஓர் ஆள் படுக்கும் மரப்பெட்டி. மணல் கடிகாரம் தீரும்வரை தாக்குப்பிடித்தால் இன்று வெளியேறுவது யார் என்று அவளே சொல்லலாம். முடியாமல் மணியடித்தால், அவளே படகேற வேண்டும்.

பெட்டியைப் பார்த்ததும் பெனில்டா ஓரடி பின்வாங்கினாள். ஆனால் தேர்வு மெல்கோருடையது. அவர் பாம்பைத்தான் சொல்வார். பாம்புக்கு அவள் பயந்ததே இல்லை. அவரைப் பார்த்து லேசாகச் சிரித்தாள்.

மெல்கோர் அவளைப் பார்க்கவில்லை. "பெட்டி" என்றார்.

அவளுக்கு அந்தச் சொல் உடனே விளங்கவில்லை. ஜோவித்தோ தன் கூட்டாளியின் முதுகில் தட்டியபோதுதான் விளங்கியது.

"பெட்டிக்குப் பூட்டு கிடையாது. யார் தேர்ந்தெடுத்தாங்களோ அவங்களே மூடி மேல உட்காரணும்" என்றாள் தொகுப்பாளினி.

முடியாது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். அதற்குள் மருத்துவர் நாடி பார்த்தார், யாரோ மணிக்கயிற்றைக் கையில் கொடுத்தார்கள். படுத்தாள். மூடி இறங்கியது. அதன்மேல் மெல்கோர் உட்கார்ந்தபோது பலகை கொஞ்சம் வளைந்தது.

காற்று வருவதற்குத் தலைமாட்டில் சில துளைகள் இருந்தன. காற்று வந்தது. இருந்தும் மூச்சு நெஞ்சுக்குள் இறங்கவில்லை. முழங்காலை உயர்த்தினாள், மரத்தில் இடித்தது. முழங்கையை விரித்தாள், அங்கேயும் மரம். வாயில், அன்று சரிந்த சுவரின் சுண்ணாம்புத் தூள் ருசி வந்தது. இங்கே சுண்ணாம்பு இல்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் துப்பினாள்.

"அண்ணே."

"சொல்லும்மா."

"ஏன்ண்ணே?"

துளைகள் வழியாக அவர் மூச்சு விடுவது கேட்டது. "காலைல ஜோவித்தோ வந்தான். நீ ஏன் வாசல்ல படுக்குறேன்னு கேட்டான். சொன்னா ஓட்டுல என் பேர எழுத மாட்டோம்னான்."

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன். சீட்டு விழுந்ததும் பெட்டியச் சொல்லுன்னு கண்ணக் காட்டுனான்."

"எந்திரிங்க. எந்திரிச்சுப் போயிடுங்க."

"நான் எந்திரிச்சா மூடி தெறந்துரும். நீ தோத்துருவே."

அவள் கைகள் தாமாகவே பலகையைத் தள்ளின. அசையவில்லை. தூரத்திலிருந்து ஜோவித்தோவின் குரல் வந்தது. "யோவ் கிழவா, வாய மூடிட்டு உக்காரு. பேச்சு நின்னா தானா மணியடிப்பா. அவ ஜெயிச்சு வந்தா மொதல்ல உன்னத்தான் அனுப்புவா. அதையும் நெனச்சுக்க."

மெல்கோரின் பேச்சு நின்றுவிட்டது.

அதுவரை இருந்தது பயமே இல்லை. இதுதான் பயம். மேலே ஓர் ஆள் இருக்கிறார் என்பதற்கு அடையாளமே இல்லாமல் போயிற்று. கட்டிலுக்கு அடியில் கிடந்தபோதும் இப்படித்தான், முதலில் அண்டை வீட்டார் குரல்கள் கேட்டன, பிறகு ஒன்றும் கேட்கவில்லை. கயிற்றை விரலில் சுற்றினாள்.

"அண்ணே, ஏதாவது பேசுங்க. பொய்யாவது பேசுங்க. கும்புடறேன்."

பலகை கிறீச்சிட்டது. அவர் குனிந்து, துளைக்கு அருகே வாயைக் கொண்டுவந்தார்.

"கப்பல்ல முந்நூறு பேருக்கு சினிகாங் சூப் வைக்கணும். புளி போட்டா எல்லாரும் சாப்பிடுவாங்க. எங்க கேப்டனுக்கு மட்டும் கொய்யாப்பழம் போட்டு வைக்கணும். நான் ரெண்டுக்கும் ஒரே புளித்தண்ணியத்தான் எடுப்பேன். அவனுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது."

"அப்புறம்?"

"அப்புறம் முள்ளங்கி. அத மெல்லிசா நறுக்கக் கூடாது."

அவர் நிறுத்தவில்லை. மீன், பச்சை மிளகாய், புயலில் கவிழ்ந்த அண்டா, அதில் கால் வெந்துபோன உதவியாளன் என்று சொல்லிக்கொண்டே போனார். ஜோவித்தோ கத்தினான். பேசக்கூடாது என்று விதி இல்லை என்று தொகுப்பாளினி சொன்னாள். பெனில்டா பல்லைக் கடித்துக்கொண்டு "அப்புறம்?", "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மணல் கடிகாரம் தீர்ந்து மூடி திறந்தபோது வெளிச்சம் கண்ணைக் குத்தியது. மணலில் நாலு காலில் தவழ்ந்து வாந்தியெடுத்தாள். தூக்கிவிட மெல்கோர் கை நீட்டினார். அவள் பிடிக்கவில்லை.

"யாரு போகணும், பெனில்டா?" என்று கேட்டாள் தொகுப்பாளினி.

கணக்கு அவளுக்குத் தெளிவாகவே தெரிந்தது. ஜோவித்தோவை அனுப்பினால் இரண்டுக்கு இரண்டு. மெல்கோரை அனுப்பினால் அவள் தனி, அடுத்த முறை அவள்தான். ஜோவித்தோவின் முகம் வெளுத்திருந்தது. மெல்கோர் இமைக்காமல் நின்றார். அவரைப் பார்த்த மாத்திரத்தில் அவளுடைய மூச்சு மறுபடி நெஞ்சுக்கு மேலேயே நின்றது. இந்த மனிதரோடு ஒரே அடுப்பில் இனி எப்படிச் சோறு பொங்குவது?

"மெல்கோர் அண்ணன்" என்றாள்.

அவர் தலையாட்டினார். "சரிம்மா. தண்ணி குடி."

அடுத்த சுற்றிலேயே மூன்று ஓட்டுகள் அவள்மேல் விழுந்தன. அவள் அழவில்லை. படகில் ஏறியதும் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

வெளியேறியவர்களைத் தங்க வைத்திருந்த கொரோன் ஊர் விடுதியில் மெல்கோர் காலைச் சாப்பாட்டு மேசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"ஜோவித்தோவ அனுப்பிருக்கலாம்ல? நீ ஜெயிச்சிருப்பே."

"தெரியும்ண்ணே."

"என்மேல அவ்ளோ கோவமா?"

"கோவம் இல்ல. உங்களப் பாத்தா பயமா இருந்துச்சு."

"இப்ப?"

அவள் யோசித்தாள். "இப்பவும் இருக்கு."

அவர் தன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். பெனில்டா மேசையைச் சுற்றிப் போய் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, சோற்றுத் தட்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.